607001 என்ற பகா எண்ணைக் கடைக் கால்குலேட்டரில் ஆராய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 607001. இது ஒரு பகா எண். இதை கம்ப்யூட்டர் இல்லாமல் நிரூபிக்கலாம். 1ஐ இதனால் வகுத்தால் தசமம் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை சுழலும் என்று துல்லியமாகச் சொல்லலாம். இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டும், கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் சாதாரண கால்குலேட்டரும் போதும்.

மாலை நேரத்தில் கணக்கு படிக்க வரும் பிள்ளைகளோடு இதைப் பலமுறை செய்திருக்கிறேன். தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. படிகளை வரிசை மாற்றிப் போடுகிறார்கள், அல்லது ஈவை எழுதி வைக்காமல் விடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் முதல் இடம்.

1. முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டியவை

12 இலக்கக் கால்குலேட்டர் ஒன்று. இந்தக் கணக்கில் வரக்கூடிய மிகப் பெரிய பெருக்கல் 607000 × 607000 = 368449000000. சரியாக 12 இலக்கம். பள்ளி சயின்டிஃபிக் கால்குலேட்டரில் திரை 10 இலக்கம்தான் காட்டும். 208251இன் வர்க்கம் 43368479001. 10 இலக்கத் திரையில் கடைசி 1 விழுந்துவிடும். அதைப் பார்த்து எழுதினால் மீதி ஒன்று குறையும், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வரியும் தப்பு. கடைக் கால்குலேட்டரே இங்கே நல்லது.

கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்திகள்: அடுக்கு, பெருக்குத்தொகை, ஈவு, மீதி. ஈவுப் பத்தி எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். வேறொருவர் உங்கள் வரியைச் சரிபார்க்க அதுதான் வழி.

பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதம் நினைவிருந்தால் போதும். இரண்டு எண்களை 607001ஆல் வகுத்தால் ஒரே மீதி வருமானால் அவற்றுக்கிடையே ≡ போடுகிறோம். பெருக்கும்போது முழு எண்ணையும் தூக்கிச் சுமக்க வேண்டாம், மீதியை மட்டும் பெருக்கினால் போதும். இந்த வழிகாட்டி முழுவதும் நிற்பது இந்த ஒரு விதியில்தான்.

2. சின்ன பகா எண்களை முதலில் கழித்துவிடுங்கள்

புதுச்சேரியிலிருந்து வரும் பிள்ளைகள் 605001ஐ எடுத்துச் செய்யலாமா என்பார்கள். 6+5+1 = 12; 3ஆல் வகுபடும். அங்கேயே முடிந்தது. பெரிய முறையைத் தொடங்குமுன் இப்படி ஒரு சின்ன சோதனை செய்துவிட்டால் பாதி நாள் வேலை மிச்சம்.

607001க்கு இலக்கக் கூடுதல் 14, ஆக 3 இல்லை. 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்க்கலாம்: 7×11×13 = 1001 என்பதால் எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழித்தால் போதும். 607 − 1 = 606 = 2×3×101. 7, 11, 13 எதுவும் இதில் இல்லை. 17க்கு மீதி 16, 19க்கு 8, 23க்கு 8, 29க்கு 2, 31க்கு 21.

இதோடு நிறுத்துங்கள். 779இன் வர்க்கம் 606841, 780இன் வர்க்கம் 608400. ஆகவே 607001 பகு எண்ணாக இருந்தால் 779க்குள் ஒரு பகாக் காரணி இருந்தே ஆக வேண்டும். 779க்குள் 137 பகா எண்கள் இருக்கின்றன. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பதும் சரியான வழிதான், ஆனால் முடிந்த பிறகு கையில் எதுவும் மிஞ்சாது. எண்ணின் பண்பு ஒன்றும் தெரியாது. உங்கள் முடிவை நம்பாதவர் 137 வகுத்தலையும் திரும்பச் செய்ய வேண்டும். கீழே வரும் முறையில் நிரூபணமும் பண்புகளும் ஒரே கணக்கில் கிடைத்துவிடும்.

3. ஒன்றைக் குறைத்துக் காரணிப்படுத்துங்கள்

அவசரக்காரர்கள் இந்தப் படியைத் தாண்டி நேராக அடுக்குக் கணக்குக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். பகா எண்ணின் குணம் எல்லாம் அதிலிருந்து 1 குறைத்த எண்ணில்தான் இருக்கிறது.

607000 = 607 × 1000 = 2³ × 5³ × 607.

இவ்வளவு எளிதாக உடைவது நம் அதிர்ஷ்டம். உடையாத எண்ணாக இருந்தால் இந்த வழியே செல்லாது, அதனால்தான் இது முதலில் வருகிறது. (2024இல் கண்டறியப்பட்ட, 41024320 இலக்கம் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 1 கூட்டிய எண் 2இன் அடுக்காக உடைகிறது. அந்த வகை எண்களுக்கான சோதனை அந்தப் பக்கத்து எண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறது. பக்கத்து எண்களில் எது உடைகிறது என்பதுதான் எங்கேயும் முதல் கேள்வி.)

607 பகா எண்தானா? இதையும் பார்த்தே ஆக வேண்டும். 25க்குள் இருக்கும் பகா எண்கள் போதும். 2, 3, 5 இல்லை. 7க்கு மீதி 5, 11க்கு 2, 13க்கு 9, 17க்கு 12, 19க்கு 18, 23க்கு 9. சரி, பகா எண். இதை எழுதாமல் விட்டால் 8ஆம் படியில் நிரூபணம் அந்தரத்தில் நிற்கும்.

4. விடையை முன்கூட்டியே ஊகித்து எழுதி வையுங்கள்

607001இன் கடைசி மூன்று இலக்கம் 001. ஆகவே 8ஆல் வகுத்தாலும் 5ஆல் வகுத்தாலும் மீதி 1. எண் பகா எண்ணாக இருந்தால், இதிலிருந்து மூன்று செய்திகள் வருகின்றன.

8இல் மீதி 1 என்றால் 2 ஒரு வர்க்க மீதியாக இருக்கும், அதாவது ஏதோ ஒரு எண்ணின் வர்க்கத்தை 607001ஆல் வகுத்தால் மீதி 2 வரும். 5இல் மீதி 1 என்றால் 5ம் அப்படியே. ஆகவே 10ம் வர்க்க மீதி. அப்போது 10இன் 303500ஆவது அடுக்கு 1ஆக வர வேண்டும்.

4இல் மீதி 1 என்பதால் −1க்கும் வர்க்கமூலம் இருக்கும். எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும்.

607000 எண் 3ஆல் வகுபடாது. ஆகவே ஒவ்வொரு மீதிக்கும் ஒரே ஒரு கனமூலம்.

இவற்றைப் பென்சிலில் எழுதி வையுங்கள். இவை நிரூபணம் இல்லை, 'பகா எண்ணாக இருந்தால்' என்ற நிபந்தனையோடு வருபவை. ஆனால் 7ஆம் படியில் விடை இவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் எங்கோ வரி தப்பியிருக்கிறது என்று உடனே தெரியும்.

5. ஒரு வரியைத் தப்பில்லாமல் போடும் முறை

மொத்த வேலையும் ஒரே ஒரு செயலின் திரும்பத் திரும்ப வரும் வடிவம்தான்: பெருக்கு, மீதி எடு. அதை மெதுவாக ஒருமுறை பார்ப்போம். 78554இன் வர்க்கத்துக்கு மீதி வேண்டும்.

எம்ஆர்சி பொத்தானை இரண்டு முறை அழுத்தி நினைவகத்தைக் காலி செய்யுங்கள். 78554 × 78554 போட்டு எம் ப்ளஸ் அழுத்தினால் 6170730916. அதை அப்படியே ÷ 607001 = என்று கொடுத்தால் 10165.932... வரும். முழு எண் 10165ஐ மட்டும் நோட்டில் எழுதுங்கள். பிறகு 10165 × 607001 போட்டு எம் மைனஸ். எம்ஆர்சி அழுத்தினால் மீதி 565751.

புள்ளிக்குப் பின்னால் வரும் .932ஐ 607001ஆல் பெருக்கி மீதி எடுக்கலாமே என்று பலர் குறுக்குவழி தேடுவார்கள். கூடாது. தசமம் எங்கோ வெட்டப்பட்டிருக்கும், ஒன்றிரண்டு எண் தள்ளி வரும்.

மீதி பாதியை, அதாவது 303500ஐத் தாண்டினால் 607001ஐக் கழித்து எதிர்க்குறியோடு எழுதுங்கள்: 565751 − 607001 = −41250. அடுத்த வர்க்கம் சிறியதாகும், பொத்தான் அழுத்தும் பிழையும் குறையும். ஆனால் குறியை நோட்டில் எழுதுங்கள், மனதில் வைக்காதீர்கள். வர்க்கம் எடுக்கும்போது குறி போய்விடும்; 10ஆல் பெருக்கும்போது போகாது. அங்கேதான் நிறைய பேர் குறியை விடுகிறார்கள்.

வரி முடிந்ததும் இரண்டு சோதனை. 607001ஐ 9ஆல் வகுத்தால் மீதி 5. 11ஆல் வகுத்தால் மீதி −1. மேலே உள்ள வரிக்கு: 78554 → 9இல் 2, வர்க்கம் 4. ஈவு 10165 → 4; 4×5 = 20 → 2. 4 − 2 = 2. மீதி 565751இன் இலக்கக் கூடுதல் 29 → 2. பொருந்துகிறது. 11இல் இன்னும் எளிது, ஈவைக் கூட்டினால் போதும்: 78554 → 3, வர்க்கம் 9; ஈவு → 1; 9+1 = 10. மீதி 565751 → −1, அதாவது 10. பொருந்துகிறது.

9 சோதனை மட்டும் போதாது. 57ஐ 75 என்று மாற்றி எழுதினால் 9 கண்டுகொள்ளாது, 11 பிடித்துவிடும். இரண்டையும் ஒவ்வொரு வரிக்கும் செய்யுங்கள். பத்து வரி தாண்டித் தப்பு கண்டுபிடித்தால் பத்தையும் அழிக்க வேண்டியிருக்கும்.

6. 10¹⁰⁰⁰ இன் மீதி

ஏன் 1000? 607000ஐ 607ஆல் வகுத்தால் 1000. ஏன் அடிமானம் 10? கிட்டத்தட்ட எந்த அடிமானமும் ஆகும், ஆனால் 10ஐ எடுத்தால் தசமச் சுழலும் கூடவே கிடைத்துவிடும்.

முதலில் அடுக்கைப் பாதியாக்கிக்கொண்டே இறங்குங்கள்: 1000, 500, 250, 125, 62, 31, 15, 7, 3, 1. பிறகு கீழிருந்து மேலே ஏறுங்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் வர்க்கம். போய்ச் சேரும் அடுக்கு ஒற்றைப்படையாக இருந்தால் வர்க்கத்துக்குப் பிறகு 10ஆல் ஒரு பெருக்கல். பெருக்கிவிட்டு வர்க்கம் எடுத்தால் அடுக்கு வேறாகிவிடும், வரிசை முக்கியம்.

10³ = 1000
10⁶: 1000000, ஈவு 1, மீதி 392999
10⁷: 3929990, ஈவு 6, மீதி 287984
10¹⁴: 82934784256, ஈவு 136630, மீதி 237626
10¹⁵: 2376260, ஈவு 3, மீதி 555257 → −51744
10³⁰: 2677441536, ஈவு 4410, மீதி 567126 → −39875
10³¹: −398750 → 208251
10⁶²: 43368479001, ஈவு 71447, மீதி 78554
10¹²⁴: 6170730916, ஈவு 10165, மீதி 565751 → −41250
10¹²⁵: −412500 → 194501
10²⁵⁰: 37830639001, ஈவு 62323, மீதி 515678 → −91323
10⁵⁰⁰: 8339890329, ஈவு 13739, மீதி 303590
10¹⁰⁰⁰: 92166888100, ஈவு 151839, மீதி 463261

கடைசி வரியை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். 303590ஐ இரட்டித்தால் 607180, மீதி 179. ஆகவே 10¹⁰⁰⁰ஐ 4ஆல் பெருக்கினால் 179இன் வர்க்கம் 32041 வர வேண்டும். 4 × 463261 = 1853044; அதிலிருந்து 3 × 607001 கழித்தால் 32041. சரி.

அடுத்து மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) எடுங்கள். 463261இலிருந்து 1 குறைத்து, 463260க்கும் 607001க்கும் யூக்ளிட் வகுத்தல்: பெரியதைச் சிறியதால் வகுத்து, பிறகு சிறியதை மீதியால் வகுத்து, இப்படியே இறங்க வேண்டும். மீதிகள்: 143741, 32037, 15593, 851, 275, 26, 15, 11, 4, 3, 1. மீ.பொ.வ. 1. 'மீதி 1ஆக இல்லை, அது போதாதா சார்?' என்று கேட்பார்கள். போதாது. எண்ணுக்கு மறைந்த காரணி ஒன்று இருந்தால், அந்தக் காரணியில் மட்டும் 10¹⁰⁰⁰ ஒன்றாகி இருக்கலாம். அந்த வாய்ப்பை அடைப்பது மீ.பொ.வ. 1 என்பதுதான்.

7. 10⁶⁰⁷, அதன்பின் அதன் 250ஆவது அடுக்கு

607, 303, 151, 75, 37, 18, 9 என்று இறங்கி, 10⁹இலிருந்து ஏறுவோம். 10⁷இன் மீதி ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து 10⁸க்கு 451836, 10⁹க்கு 269353.

10¹⁸: 72551038609, ஈவு 119523, மீதி 458086 → −148915
10³⁶: 22175677225, ஈவு 36533, மீதி 109692
10³⁷: 1096920, ஈவு 1, மீதி 489919 → −117082
10⁷⁴: 13708194724, ஈவு 22583, மீதி 291141
10⁷⁵: 2911410, ஈவு 4, மீதி 483406 → −123595
10¹⁵⁰: 15275724025, ஈவு 25165, மீதி 543860 → −63141
10¹⁵¹: −631410 → −24409
10³⁰²: 595799281, ஈவு 981, மீதி 331300
10³⁰³: 3313000, ஈவு 5, மீதி 277995
10⁶⁰⁶: 77281220025, ஈவு 127316, மீதி 280709
10⁶⁰⁷: 2807090, ஈவு 4, மீதி 379086 → −227915

இந்த −227915ஐ 'க' என்போம். இனி பாதியாக்கும் வழியை விட்டுவிட்டு 5, 25, 125 என்று ஏறுவோம். காரணம், வழியில் க¹⁰⁰ கிடைக்கும். 9ஆம் படிக்கு அது தேவை.

க²: 51945247225, ஈவு 85576, மீதி 529649 → −77352
க⁴: 5983331904, ஈவு 9857, மீதி 123047
க⁵: 123047 × 227915 = 28044257005, ஈவு 46201, மீதி 203804; குறி சேர்த்து −203804
க¹⁰: 41536070416, ஈவு 68428, மீதி 205988
க²⁰: 42431056144, ஈவு 69902, மீதி 472242 → −134759
க²⁵: 134759 × 203804 = 27464423236, ஈவு 45246, மீதி 55990 (இரண்டு எதிர்க்குறியும் சேர்ந்து நேர்க்குறி)
க⁵⁰: 3134880100, ஈவு 5164, மீதி 326936 → −280065
க¹⁰⁰: 78436404225, ஈவு 129219, மீதி 342006
க¹²⁵: 342006 × 55990 = 19148915940, ஈவு 31546, மீதி 462394 → −144607
க²⁵⁰: 20911184449, ஈவு 34449, மீதி 607000 → −1

இவ்வளவு பெருக்கலுக்குப் பிறகு 607000 என்று திரையில் வரும்போது பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள். எங்கேயாவது ஒரு இலக்கம் தப்பியிருந்தால் இது வந்திருக்கவே வராது.

க²⁵⁰ ≡ −1. ஆகவே க⁵⁰⁰ ≡ 1, அதாவது 10³⁰³⁵⁰⁰ ≡ 1. பென்சிலில் எழுதிய ஊகம் பலித்தது. அதை வர்க்கப்படுத்தினால் 10⁶⁰⁷⁰⁰⁰ ≡ 1.

8. நிரூபணத்தை எழுதும் முறை

10⁶⁰⁷⁰⁰⁰ ≡ 1 வந்துவிட்டதே, பகா எண் என்று முடித்துவிடலாமா? இங்கே நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 91ஐப் பாருங்கள். 999999 = 91 × 10989, அதாவது 91ஐப் பொறுத்து 10⁶ ≡ 1. ஆகவே 10⁹⁰ ≡ 1. ஆனால் 91 = 7 × 13. அடுக்குச் சோதனை மட்டும் சான்றாகாது.

முழு வாதம் இப்படி. 607001 பகு எண் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 779ஐத் தாண்டாத ஒரு பகாக் காரணி 'ர' இருக்கும். ரவால் வகுக்கும் மீதிகளில், 10¹⁰⁰⁰ஐ 607 முறை பெருக்கினால் 1 வருகிறது. 607 பகா எண் என்பதால், முதன்முறையாக 1 வருவது ஒன்றாவது அடுக்கில், அல்லது 607ஆவது அடுக்கில். நடுவில் வர வழியில்லை.

ஒன்றாவது அடுக்கிலேயே வந்தால் ர என்பது 463260ஐயும் 607001ஐயும் வகுக்கும். மீ.பொ.வ. 1 என்று பார்த்துவிட்டோம், நடக்காது. ஆகவே 607ஆவது அடுக்கில்தான். ர பகா எண் என்பதால், பெர்மாவின் தேற்றப்படி ர − 1 ஆவது அடுக்கிலும் 1 வரும். அப்படியானால் 607 என்பது ர − 1ஐ வகுக்க வேண்டும். ர என்னவாக இருக்க முடியும்? 608, 1215, 1822... 608 இரட்டைப்படை, ஆகாது. மிஞ்சுபவை எல்லாம் 1215 அல்லது அதற்கு மேல். 779க்குள் ஒன்றும் இல்லை. எனவே 607001 பகா எண்.

நோட்டில் இந்த வாதத்தோடு 3, 6, 7ஆம் படிகளின் வரிகள் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். தனியாக ஒரு சோதனை வேண்டுமென்றால் 463261ஐ 607ஆவது அடுக்குக்கு ஏற்றுங்கள். 1 வரும்.

9. தசமச் சுழலின் நீளம்

1 ÷ 607001 = 0.00000164744... இந்த நீள் வகுத்தலைக் கையால் செய்தால் மீதிகள் 392999, 287984, 451836, 269353 என்று வரும். மேலே பார்த்தவைதான், 10இன் அடுக்குகளின் மீதிகள். மீதி மறுபடி 1ஆகும் இடத்தில் சுழல் முடிகிறது. ஆகவே கேள்வி இதுதான்: 10இன் எந்த அடுக்கு முதன்முறையாக 1 ஆகிறது?

303500இல் 1 வருகிறது என்று தெரியும். அதற்கு முன்பே வந்திருந்தால் அந்த அடுக்கு 303500ஐ வகுக்கும். 303500 = 2² × 5³ × 607. ஒவ்வொரு பகாக் காரணியாக ஒருமுறை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

2ஐ எடுத்தால் 151750: க²⁵⁰, அது −1. 5ஐ எடுத்தால் 60700: க¹⁰⁰, அது 342006. 607ஐ எடுத்தால் 500: அது 303590. எதுவும் 1 இல்லை. ஆகவே சுழலின் நீளம் சரியாக 303500 இலக்கம். பக்கத்துக்கு 2500 இலக்கம் என்று அச்சடித்தால் 121 பக்கம் தாண்டும்.

பாதி வழியில் −1 வருவதால் இன்னொரு அழகும் இருக்கிறது. சுழலை 151750 இலக்கம் கொண்ட இரண்டு பாதிகளாக வெட்டி மேலும் கீழும் வைத்துக் கூட்டினால் எல்லா இடத்திலும் 9. முதல் பாதி 00000164744 என்று தொடங்குவதால் இரண்டாம் பாதி 99999835255 என்று தொடங்கும். அத்தனை தூரம் வகுத்துப் போகாமலே இதைச் சொல்ல முடிகிறது.

10. இரண்டு வர்க்கங்களாகப் பிரிப்பது

க¹²⁵ ≡ −144607, அதன் வர்க்கம் −1. −1இன் வர்க்கமூலம் தேடாமலே கையில் இருக்கிறது. 607001ஐயும் 144607ஐயும் யூக்ளிட் முறையில் வகுத்துக்கொண்டே வாருங்கள்:

607001 = 4 × 144607 + 28573
144607 = 5 × 28573 + 1742
28573 = 16 × 1742 + 701
1742 = 2 × 701 + 340

மீதி முதன்முறையாக 779க்குக் கீழே இறங்கும்போது நிறுத்துங்கள்: 701. அதையும் அடுத்த மீதி 340ஐயும் எடுங்கள். 701² = 491401, 340² = 115600. கூட்டினால் 607001.

1 வரும்வரை வகுத்துக்கொண்டே போவது இங்கே வழக்கமான தவறு. மீ.பொ.வ. எடுத்த கை தானாகவே அப்படிப் போகும். இங்கே வேண்டியது நடுவில் வரும் இரண்டு மீதிகள். வர்க்கமூலமான 779ஐ நோட்டின் மேலே வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பகா எண்ணுக்கு இந்தப் பிரிப்பு ஒன்றே ஒன்றுதான். வேறு ஜோடி தேட வேண்டாம்.

11. அடுத்து நீங்களே செய்ய: 607003

கடலூர் முதுநகரின் பின்கோடு 607003. சின்ன பகா எண் சோதனையை முடித்துவிட்டு 1 குறையுங்கள்: 607002 = 2 × 3 × 11 × 17 × 541. பிடித்துக்கொள்ள வேண்டிய காரணி 541. அது பகா எண் என்பதை முதலில் எழுதுங்கள். 607002 ÷ 541 = 1122. ஆகவே 10¹¹²²க்கு மீதி எடுத்து, 1 குறைத்து மீ.பொ.வ. பார்த்து, பிறகு அந்த மீதியை 541ஆவது அடுக்குக்கு ஏற்ற வேண்டும். மீ.பொ.வ. 1ஆகி, கடைசியில் 1 வந்தால், ர என்பது 542ஆக முடியாது, 1083க்குக் கீழே எதுவும் இல்லை, வாதம் அப்படியே செல்லும். 1 வராவிட்டால், வரிகள் எல்லாம் சரியாக இருக்கும்பட்சத்தில், அது பகு எண்.

பாதியாக்கும் வரிசை 1122, 561, 280, 140, 70, 35, 17, 8, 4, 2, 1. மற்றொன்று 541, 270, 135, 67, 33, 16, 8, 4, 2, 1. இரண்டாவது ஏற்றத்தில் ஒற்றைப்படை அடுக்குகளில் 10ஆல் பெருக்காதீர்கள், 10¹¹²²இன் மீதியால் பெருக்குங்கள். வரிச் சோதனைக்கு 607003 என்பது 9இல் 7, 11இல் 1. இந்த முறை 11 சோதனையில் ஈவைக் கூட்டக்கூடாது, கழிக்க வேண்டும். 4ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால் 10ஆம் படி இந்த எண்ணுக்குக் கிடையாது.